வயிறு சரியில்லாத பூனை: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

மாடிவீட்டுப் பூனை:
குட்டனுக்கு ஒரு வருஷமா பேதி. ஒரு வாரம் நிக்கும், திரும்ப ஆரம்பிச்சிடும். பூச்சி மருந்து, மலப் பரிசோதனை எல்லாம் முடிஞ்சு டாக்டர் ஹைட்ரோலைஸ்டு உணவு எழுதினார், ஒவ்வாமை வராம இருக்கப் புரதத்தைப் பொடிசா உடைச்சுச் செஞ்ச தீனி. வேற ஒரு துணுக்குகூடக் கூடாதுன்னார். பழையதோட கலந்து கலந்து 10 நாள்ல மாத்தினேன். மூணாவது வாரம் லிட்டர் பாக்ஸ்ல கெட்டியாப் பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. நாலாவது வாரம் திரும்பத் தண்ணியா.

ஒரு ராத்திரி எழுந்து வந்தா, அடுப்படியில லைட் போடாம அப்பா உட்கார்ந்திருக்கார். தூக்கு மூடியில பால். குட்டன் நக்கிட்டிருக்கு. "பாவம்மா, ஒரே தீனியை எத்தனை நாள் திங்கும்?"னார். கத்திட்டேன். ரொம்பக் கத்திட்டேன். மூடியைக் கழுவிக் கவுத்துட்டு, பேசாமப் போய்ப் படுத்துட்டார். குட்டன் இப்ப நல்லாயிருக்கு. எனக்குத்தான் அந்த மூடியைப் பார்க்கிறப்பல்லாம் என்னவோ பண்ணுது.

தூத்துக்குடிக் கரை:
எங்களது 12 வயசுக் கிழவி, நல்ல குண்டு. சாளை மீனே கதின்னு கிடந்தவ. வாந்தியும் பேதியும் நிக்கலைன்னு டாக்டர் டப்பா உணவுக்கு மாத்தச் சொன்னார். முகர்ந்து பார்த்துட்டுப் போயிடும். "பசிச்சா தானாத் தின்னும்"னு எல்லாரும் சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். ஆறாம் நாள் காலைல வெயில்ல படுத்திருக்கு, காதுக்குள்ள மஞ்சளா இருக்கு. சமையல் பண்ணின கை, மஞ்சப்பொடிதான் ஒட்டிடுச்சுன்னு ஈரத்துணியால துடைச்சேன். துடைக்கத் துடைக்கப் போகல. ஈரல்ல கொழுப்பு சேர்ந்துடுச்சாம். கழுத்துல குழாய் வச்சு ஆறு வாரம் ஊட்டினோம், பிழைச்சிடுச்சு.

சேலத்துக்காரன்:
முதல் பதிவு போட்ட தங்கச்சி, அப்பாவைத் திட்டினது சரியில்லம்மா. வளர்ந்த பூனை நிறையதுக்குப் பால் செரிக்காது, அது பாதிப் பேருக்குத் தெரியாது. என் பூனைக்கு உணவு மாத்தியும் எடை ஏறல. ரத்தத்துல வைட்டமின் பி12 குறைவுன்னு ஊசி போட்டோம். ரெண்டாவது வாரம் தட்டை நகத்தால தட்டி என்னை எழுப்புச்சு.

மத்தவங்களுக்கும் சொல்றேன். வெந்த கோழியும் சோறும் ரெண்டு மூணு நாளைக்குச் சரி. மாசக்கணக்கா அதையே போட்டா பூனைக்கு அவசியமான டாரின்ங்கிற சத்து பத்தாம கண்ணும் இதயமும் கெடும். ரசஞ்சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையோட சிவப்பணுவை உடைக்கும். சின்ன வயசுப் பூனைக்குப் பேதி விடலைன்னா டிரைட்ரைகோமோனாஸ்ங்கிற குடல் ஒட்டுண்ணிக்கு பிசிஆர் (கிருமியோட மரபணுவைத் தேடுற பரிசோதனை) கேளுங்க, சாதாரண மலப் பரிசோதனையில அது தப்பிடும். கோழியே தின்னு வளர்ந்த பூனைக்கு அந்தக் கோழியே ஒத்துக்காம இருக்கலாம். 'சென்சிட்டிவ்'னு போட்ட பையை வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் படிங்க, பலதுல முதல் பொருளே கோழிதான். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைங்க. தூத்துக்குடி அக்கா, டப்பா உணவை லேசா வெதுவெதுப்பாக்கியிருந்தா வாசனைக்கே தின்னிருக்கும்.

தூத்துக்குடிக் கரை:
தம்பி, வெந்நீர்ல வச்சு சூடாக்கியும் பார்த்தேன். தொடல. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னாலே டாக்டருக்குப் போன் போடணும்னு எனக்கு அன்னைக்கு யாரும் சொல்லல. அதுக்குத்தான் எழுதினேன்.