புதுப்பிப்பு: ரோஜாத் தண்டில் வெள்ளைப் பொருக்கு, கொடைக்கானல் (தீர்ந்தது)

தண்டின் அடியில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி பொருக்கு, பூஞ்சை என்று நினைத்துக் கந்தகம் அடித்தும் போகவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னவர் கணிப்பே சரி. பூஞ்சை இல்லை, செதில்பூச்சி; மேலே ஓடு மூடிக்கொண்டு தண்டில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சி. பொருக்கைப் பெயர்த்தால் அடியில் குண்டூசித் தலையளவு செம்மஞ்சள் உடல். எறும்பு வராததால்தான் பூச்சி என்றே தோன்றவில்லை. இந்தக் கவச வகை மாவுப்பூச்சி போல இனிப்புக் கழிவு விடாது, எறும்புக்கு அங்கே வேலையில்லை.

மோசமான கிளைகளை வெட்டி எரித்தாயிற்று. மீதித் தண்டுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கணு இடுக்குகளை விட்டால் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு, 10 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை. ஓட்டுக்கு அடியிலுள்ள முட்டைக்கு மருந்து எட்டாது, பொரித்து ஊரும் குஞ்சுகள்தான் சாகும். அதனால் ஒரே தடவையோடு நிறுத்தினால் வீண்.

கந்தகம் அடித்த செடிக்கு உடனே எண்ணெய் அடித்தால் இலை கருகும். இரண்டு வாரம் பொறுத்தே தொடங்கினேன். இங்குள்ள குளிர்ந்த தண்ணீரில் எண்ணெய் திரிந்து மிதக்கிறது. வெதுவெதுப்பான நீரில் சோப்போடு கலக்கிவிட்டுத் தெளிப்பானில் ஊற்றணும். பனி விலகி இலை காய்ந்தபின் அடிப்பது நல்லது.

செத்தபிறகும் ஓடு உதிராது. ஊசியால் குத்திப் பாருங்கள்: ஈரம் கசிந்தால் உயிரோடிருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் முடிந்தது.