மரவள்ளிக் குச்சியில் கேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டுவது, அதே கேஸில் டீசல் எடுப்பது: எது நடக்கும்?

சேகோ_ஆத்தூர்:
ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லுங்க. வறுக்கிற அடுப்புக்கு விறகு. கரண்ட் போனால் 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், லோடு 40 கிலோவாட் வரும். நடவுக்குக் கரணை வெட்டினது போக மிச்ச மரவள்ளிக் குச்சி வரப்போரமா குவிஞ்சு கிடக்குது. ஏற்காட்டிலிருந்து காப்பித் தோலும் சில்வர் ஓக் கிளையும் கிடைக்கும், மில்லு திப்பி (மாவு எடுத்ததும் மிஞ்சுற சக்கை) வேற. கேசிஃபையர் (மரத்தைக் குறைஞ்ச காற்றில் எரிச்சுக் கேஸ் எடுக்கிற கலம்) விற்கிற ஒருத்தர், அந்தக் கேஸையே ஒரு கெமிக்கல் டப்பா வழியா விட்டால் டீசலா இறங்கும்கிறார். எதை எதில் போடலாம்? டீசல் நிஜமா நடக்குமா?

கரிவாயு:
முதல்ல அடுப்புக்கு ஓட்டுங்க, ஜெனரேட்டரைப் பிறகு பார்க்கலாம். அடுப்புக்குப் போற கேஸைக் குளிர வைக்கவோ கழுவவோ வேண்டாம். கேஸோட வர்ற பிசுபிசுப்பான தாரும் பர்னர்லயே எரிஞ்சுடும். பைப்பைக் குட்டையா வைச்சு, கிளாஸ் வூல் சுத்தி, சூடு 300 டிகிரிக்குக் கீழ இறங்காம பாருங்க. இறங்கினால் தார் உள்ளேயே படிஞ்சு, ரெண்டு மூணு வாரத்தில் பைப்பே அடைச்சுக்கும்.

இன்ஜினுக்கு விடணும்னா கேஸ் சுத்தமா இருக்கணும். கீழ்நோக்கி இழுக்கிற டவுன்டிராஃப்ட் கேசிஃபையர்தான் வேணும். அதில் தார் 1000 டிகிரிக்கு மேல இருக்கிற தொண்டை (கலத்தின் குறுகின பகுதி) வழியா இறங்கும்போது உடைஞ்சுடும். காற்றை வைச்சு எடுத்த கேஸில் கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம், ஹைட்ரஜன் 15 முதல் 18, மீத்தேன் 2, பாதிக்குப் பாதி நைட்ரஜன். டீசலையும் கேஸையும் சேர்த்து ஓட்டினால் டீசல் 70 சதவீதம் வரை மிச்சமாகும். உங்க லோடுக்கு இப்ப மணிக்கு 11, 12 லிட்டர் போகும். அது மூணரை லிட்டரா குறையும், கூட 35 முதல் 40 கிலோ காய்ஞ்ச மரம் வேணும். இன்ஜினுக்குள்ள போற இடத்தில் கேஸ் 40 டிகிரிக்குக் கீழ, தார் கன மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். தாண்டினால் இன்டேக் வால்வு தண்டில் பிசின் மாதிரி ஒட்டி, ராத்திரி ஆறினதும் வால்வு பிடிச்சுக்கும்.

குச்சியை 3 முதல் 5 செ.மீ. துண்டா வெட்டுங்க. மண் ஒட்டின அடிப்பகுதியை ஒரு சாண் வெட்டித் தள்ளிடுங்க. அந்த மண்தான் தொண்டையில் உருகிக் கிளிங்கராகி (கல் மாதிரி இறுகி) நிக்கும். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ வரணும். 100 கிராம் துண்டை 105 டிகிரி அவனில் எடை மாறாத வரைக்கும் வைங்க. குறைஞ்ச எடைதான் ஈரம். 25 சதவீதம் ஈரம்னா தொண்டைச் சூடு இறங்கி, தார் உடையாம கேஸோடயே வரும்.

திப்பியை இதில் போடாதீங்க. ஈரமா வரும், காய வைச்சாலும் தூளா நின்று காற்றை அடைக்கும். மாவுச்சத்து மிச்சமிருக்கிற தீனி அது, மாட்டுக்கு விற்கலாம். ஈரமாவே கழிக்கணும்னா மில்லுக் கழிவுத்தண்ணியோட சேர்த்து சாண எரிவாயுக் கலம் மாதிரி மூடின தொட்டியில் விடுங்க.

மலைக்காப்பி:
காப்பித் தோல்ல ரெண்டு ரகம், சேர்த்துப் பேசக் கூடாது. பல்ப்பிங் பண்ணின (பழத்தோலைச் சதையோட உரிச்ச) காப்பியில் வர்ற பார்ச்மென்ட் தோல் சாம்பல் குறைவு, நல்லா எரியும். செரியா, அதாவது முழுப் பழமாவே, காய வைச்ச காப்பியில் வர்ற உமி அப்படியில்லை. பொட்டாசியம் அதிகம், சாம்பல் சீக்கிரம் உருகும். ரெண்டுமே லேசானது, ஹாப்பர்ல (சரக்கு கொட்டுற மேல்தொட்டியில்) கீழ இறங்காம வளைவு கட்டி நிக்கும். கட்டி பிடிச்சுத்தான் போடணும். உமியை மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல ஏத்தாதீங்க.

சில்வர் ஓக் கிளை அருமையான சரக்கு. ஆனா நிழல் மரத்தில் கிளை கழிக்கிற சமயத்தில் பச்சையா வரும், மலையில் பனிமூட்டத்துக்குள்ள காயாது. கீழே இறக்கி உங்க ஜவ்வரிசிக் களத்தில் போடுங்க. இதே செட்டை ஏற்காட்டு உயரத்தில் ஓட்ட நினைக்கிறவங்க, 1500 மீட்டரில் டர்போ இல்லாத இன்ஜின் 15 சதவீதம் பலம் குறையும்கிறதைக் கணக்கில் சேர்த்துக்கணும்.

வினையூக்கி:
டீசல் பத்திச் சொல்றேன். வேதியியல் உண்மை; 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் ட்ராப்ஷும் கண்டுபிடிச்சது. தென்னாப்பிரிக்காவின் சசோல் 1955 முதல் நிலக்கரியில் அப்படித்தான் எரிபொருள் எடுக்குது. டப்பாக்குள்ள நடக்காது, அவ்வளவுதான்.

கோபால்ட் வினையூக்கிக்கு ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு ரெண்டு பங்கு ஹைட்ரஜன் வேணும். உங்க கேஸில் ஒன்றுக்கு ஒன்றுகூட இல்லை. நீராவி சேர்த்து விகிதத்தை மாத்தலாம், அதுக்குத் தனி ரியாக்டர் வேணும். அப்புறம் 20, 25 பார் அழுத்தத்துக்கு அமுக்கும்போது பாதி மின்சாரம் வெறும் நைட்ரஜனை அமுக்கவே செலவாகும். நைட்ரஜனைத் தவிர்க்கணும்னா ஆக்சிஜன் பிளான்ட் வைக்கணும், இல்லைன்னா ஆஸ்திரியாவின் கியூஸிங் ஆலை மாதிரி சுடுமணலில் நீராவி விட்டு எடுக்கணும். அது 8 மெகாவாட் ஆலையா இருந்தது. கந்தகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே வினையூக்கி நாளடைவில் செத்துடும்.

வெப்பம்தான் பெரிய வில்லங்கம். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடுக்கு 165 கிலோஜூல் வெளியேறும். 220 டிகிரியில் நிக்க வேண்டிய வினையூக்கிப் படுகை சட்டுனு ஏறினால், டீசலுக்குப் பதிலா மீத்தேன்தான் வரும். சரியா ஓடினாலும் நிறைய மெழுகுதான் விழும். அதை ஹைட்ரஜன் வைச்சு உடைக்க இன்னொரு யூனிட் வேணும். 1 டன் திரவத்துக்கு 5 முதல் 7 டன் காய்ஞ்ச மரம், அதுவும் பெரிய ஆலையில். விற்கிறவர்கிட்ட ஒன்று மட்டும் கேளுங்க: டப்பாக்குள்ள கூலிங் எப்படிப் போகுது?

சேகோ_ஆத்தூர்:
அடுப்போட ஆரம்பிக்கிறேனுங்க. இன்ஜினுக்குத் திறக்கும் முன்னாடி கேஸ் சுத்தமான்னு எப்படிப் பார்க்கிறது?

கரிவாயு:
ஃபிளேர்ல (கேஸை வெளியே எரிச்சு விடுற குழாயில்) 20 நிமிஷம் எரிய விடுங்க. தீ லேசான நீலமா, நின்று நிதானமா எரியணும். விட்டு விட்டு மூச்சு வாங்கினால் உள்ளே சரக்கு வளைவு கட்டியிருக்கு. அப்புறம் சாம்பிள் குழாயில் வெள்ளைத் துணியை ஒரு நிமிஷம் பிடிங்க. காய்ஞ்ச கருந்தூள்னா ஃபில்டர்ல கரி கசியுது. பழுப்பா, விரலில் ஒட்டினால் தார். அன்னிக்கு இன்ஜினுக்குத் திறக்காதீங்க.

கேசிஃபையர்ல இருக்கிற சரக்குப் படுகைக்கு மேலயும் கீழயும் அழுத்த வித்தியாசம் காட்டுற ஒரு யு குழாய்த் தண்ணி மானோமீட்டர் மாட்டி, நல்லா ஓடுற நாள்ல காட்டின அளவைச் சுவரில் எழுதி வைங்க. ஏறிக்கிட்டே போனால் சாம்பல் அடைக்குது, கிரேட்டை (அடியில் இருக்கிற சல்லடைத் தட்டை) ஆட்டணும். சட்டுனு இறங்கினால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கு.

கேஸைக் கழுவின தண்ணியில் ஃபீனால்ங்கிற விஷப்பொருள் இருக்கும். வசிஷ்ட நதிப் பக்கம் ஒரு சொட்டு விடக் கூடாது, தொட்டியில் தெளிய வைச்சுத் திரும்பச் சுத்த விடுங்க.

இன்னொன்று, ஆளுங்களுக்குச் சொல்லியே ஆகணும். கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதுக்கு வாசனையே கிடையாது. ஷெட்டு நாலு பக்கமும் திறந்திருக்கட்டும், 50 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 50 பங்கில்) கத்துற அலாரம் ஆள் முகத்து உயரத்தில் மாட்டுங்க. ஹாப்பர் மூடியை ஒருத்தர் தனியா திறக்கவே கூடாது. ரெண்டாவது ஆள் காற்று வர்ற பக்கம் தள்ளி நின்று பார்த்துக்கிட்டே இருக்கணும்.