செப்டம்பர் 5: மாலை போட்டதோட முடியுது, ஊர் விழாவா மாத்த என்ன வழி?

கரிசல்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒட்டப்பிடாரம், செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். வருசா வருசம் செப்டம்பர் 5 காலையில வரிசையா கார் வரும். வ.உ.சி. ஐயா நினைவு இல்லத்துல மாலை போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, கார்க்கதவு டப்பு டப்புன்னு சாத்துற சத்தம் கேக்கும், போயிருவாங்க. மதியத்துக்குள்ள வாடுன பூவும் தண்ணி பாட்டிலும்தான் மிச்சம். ஊர்க்காரங்க நாங்க ஓரமா நின்னு வேடிக்கை பாக்கதோட சரி.

போன வருசம் என் மக கடைக்கு வந்தா. மூணாப்பு படிக்கா. "யப்பா, இன்னைக்கு யாரு வீட்டு விசேசம்?"னு கேட்டா. அவர் பிறந்த ஊர்லயே பிறந்த பிள்ளை கேட்ட கேள்வி. எனக்கு வெக்கமாப் போச்சு.

நாங்க எட்டுப் பேர் சேந்திருக்கோம். ஒருத்தன் டிராக்டர் தாரேங்கான், ஒருத்தன் பெயிண்டர். டிரெய்லர் மேல கப்பல் கட்டி, பிள்ளைகளை ஏத்தி, மேளத்தோட ஊர்வலம் விடலாம்னு யோசனை. பேச்சுப்போட்டி, மாறுவேடப்போட்டி, கடைசியில சாப்பாடு. ஆனா முதல் கூட்டத்துலயே ரெண்டு வில்லங்கம் வந்துட்டு. ஒண்ணு பணம்: ஒருத்தர் மொத்தச் செலவும் நானே ஏத்துக்கிடுதேன், என் படம் போட்ட பேனர் மட்டும் வைங்கன்னார். இன்னொண்ணு, எந்தச் சங்கத்துப் பேர்ல நடத்துறதுங்கிற பேச்சு. அதுக்கு மேல நான் சொல்லவேண்டாம், உங்களுக்கே தெரியும். இதுக்கு முன்ன இந்த மாதிரி நடத்துனவங்க யாராவது சொல்லுங்க. அனுமதிக்கு எங்க போகணும்னுகூட எங்களுக்குத் தெரியாது.

மைக்செட்காரன்:

அண்ணாச்சி, 22 வருசமா விழாவுக்கு செட் போடுதேன். கப்பலைப் பத்தி மட்டும் சொல்லுதேன், மத்ததைப் பெரியவங்க சொல்லட்டும்.

ஒரு ஊர்ல இதே மாதிரி தெர்மாகோல்ல கப்பல் செஞ்சாங்க. அழகுன்னா அழகு. புகைபோக்கியெல்லாம் வச்சு, உள்ள சாம்பிராணி போட்டு புகை வர வச்சாங்க. ஊர்வலம் கிளம்பி ரெண்டாவது முக்குல கரண்டு வயர் தாழத் தொங்குது. கம்பு வச்சு வயரைத் தூக்கலாம்னு ஒருத்தன் ஏறிட்டான். நான் ஓடிப்போய் காலைப் பிடிச்சு இழுத்தேன். கடைசியில அந்த இடத்துலயே புகைபோக்கியை அறுத்துப் போட்டுட்டு மொட்டைக் கப்பலாத்தான் ஊரைச் சுத்திச்சு. அதனால முதல்ல பாதை முழுக்க நடந்து போய் எந்த வயர் எவ்வளவு உயரம்னு குறிச்சிட்டு வாங்க. மரம் மட்டை வாங்குறது அப்புறம். மேல நிக்கிற பிள்ளை கையைத் தூக்குனாலும் வயருக்கு ரொம்பத் தள்ளி இருக்கணும். சந்தேகமா இருந்தா லைன்மேனைக் கூட்டிட்டு நடங்க. கம்பத்துல கொக்கி போட்டு கரண்டு எடுக்காதீங்க, ஈ.பி.யில தற்காலிக இணைப்பு எழுதிக் கொடுத்து வாங்கணும்.

கூம்பு ஸ்பீக்கர் கட்டினா போலீஸ் கழட்டிருவாங்க, பெட்டிதான். ராத்திரி 10 மணிக்கு மேல எதுவும் பாடக்கூடாது. ஸ்டேஷன்ல மனு கொடுக்கும்போது ஊர்வலப் பாதையை ஒரு தாள்ல வரைஞ்சு சேத்துக் கொடுங்க, பாதி கேள்வி குறையும். மனு கொடுத்ததுக்கு ரசீது வாங்காம வந்துராதீங்க.

பழைய_வாத்தியார்:

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வேலை பார்த்த ஊரில் ஒரு தியாகிக்கு 9 வருஷம் விழா எடுத்தோம். பேரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் சண்டை தெரிந்துவிடும், விடுங்கள்.

முதலில் தேதி. செப்டம்பர் 5 உங்களுக்கு ஆகாது. அன்றைக்கு ஆசிரியர் தினம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எங்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள், வ.உ.சி.க்கு யார் வருவார்? 1 ஆம் தேதி நெற்கட்டும்செவலில் புலித்தேவர் விழா, 11 ஆம் தேதி பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். சுற்றுவட்டார போலீஸ் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஊர்வலம் என்று மனுவோடு போனால் படிக்கும் முன்பே முகம் சுளிப்பார்கள். அந்த நாளை வெளியூர்க்காரர்களின் மாலைக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் அக்டோபரில் வையுங்கள். காலாண்டுப் பரீட்சையும் முடிந்திருக்கும். வ.உ.சி. கப்பல் விடத் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவான நாள் 1906 அக்டோபர் 16. அதை ஒட்டி வரும் ஞாயிறு பொருத்தமானது. ஞாயிறு என்று சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1908 இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர்தான் முன்னால் நின்றார். கூலி உயர்வோடு சேர்த்து வாங்கிக்கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவர் வாங்கித் தந்த லீவிலேயே அவருக்கு விழா எடுங்கள்.

அடுத்தது பணம். அந்த பேனர்க்காரரிடம் கும்பிடு போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. நீங்களும் அதையே செய்யுங்கள். 25 ரூபாய்க்கு ஒரு பங்குச் சீட்டு, வரிசை எண் போட்டு அச்சடியுங்கள். அன்றைக்கு 25 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு டீயும் வடையும். வீட்டுக்கு ஒரு சீட்டு விற்றாலே முதல் வருஷம் ஓடிவிடும். சீட்டு வாங்கினவனுக்கு விழா தன்னுடையது என்று ஆகிவிடும், குறை சொல்லவாவது வந்து நிற்பான்.

கணக்கை மேடையில் வாசியுங்கள். விழா அன்றே, மைக்கில், ஒவ்வொரு வரியாக. எங்கள் ஊரில் நாலாவது வருஷம் கணக்கு கொஞ்சம் தாமதமானது. யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை, பொருளாளருக்கு டைபாய்டு, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வாரத்தில் அவர் வீட்டுக்கு மாடி கட்டுகிறார் என்று டீக்கடையில் பேச்சு. அந்த மனிதர் கடைசி வரைக்கும் விழாப் பக்கம் திரும்பவில்லை. வ.உ.சி.யின் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. சிறையிலிருந்து வந்து கையில் காசில்லாமல் சென்னையில் இருந்த மனிதர், 1915 இல் அதைப் பற்றிக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான், தாமதம்தான் வருத்தம். இதை அப்படியே இரண்டு பிள்ளைகளை வைத்துக் கடித வாசிப்பாகச் செய்யுங்கள், பேச்சுப்போட்டியைவிட நன்றாக இருக்கும்.

பேச்சுப்போட்டியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எல்லாப் பிள்ளையும் போனில் இறக்கிய ஒரே பேச்சை ஒரே ஏற்ற இறக்கத்தில் ஒப்பிக்கும். மாறுவேடம் அதைவிட மோசம். ஒரு பள்ளியில் நடுவராகப் போனேன். ஆறு வ.உ.சி. வந்தார்கள், ஆறு பேரும் அட்டைச் செக்கை இழுத்துக்கொண்டு. ஒருவனுக்கு மீசை பசை விட்டு வாயில் தொங்கியது, அவன் அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே இழுத்தான். ஏழாவதாக ஒரு பையன் வந்தான். மீசை இல்லை, கோட்டு இல்லை. ஒரு தராசும் இரண்டு டப்பாவும் வைத்துத் தரையில் உட்கார்ந்தான். "நான் ஜெயில்ல இருந்து வந்த வ.உ.சி. வக்கீல் தொழில் செய்ய விடல. கடை வச்சிருக்கேன். என்ன வேணும்?" என்றான். கூட்டம் சத்தமில்லாமல் போயிற்று. அவனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன், மற்ற நடுவர்கள் ஒப்பவில்லை.

1908 இல் ராஜதுரோக வழக்கில் தீர்ப்பு, 1912 டிசம்பரில் விடுதலை, அதற்குப் பிறகு 24 வருஷம் வாழ்ந்தார். நம் மேடைகளில் அந்த 24 வருஷம் வருவதே இல்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தது, குறளுக்கு உரை எழுதியது எல்லாம் அதில்தான். வக்கீல் சன்னது, அதாவது தொழில் உரிமம், திரும்பக் கிடைக்க உதவிய வெள்ளைக்கார நீதிபதி வாலஸ் பெயரை மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார். ஒரு தெருவுக்கு ஒரு காட்சி என்று பிரித்துக் கொடுங்கள். செக்கை ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் கொடுங்கள்.

சங்கத்து விஷயம். யாரையும் வராதே என்று சொல்லாதீர்கள், அது உங்கள் உரிமையும் இல்லை. எங்கள் விழாவில் பேனரே கிடையாது, யாருக்கும் கிடையாது என்று ஒரே விதி வையுங்கள். கேட்டு வந்தால் கம்பெனியில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். முதல் மாலை யார் போடுவது என்றும் சண்டை வரும். எங்கள் ஊரில், அந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாத அஞ்சாம் வகுப்புப் பிள்ளைதான் போடும் என்று வைத்தோம். பெரிய மனிதர்கள் யாரும் அதற்கு எதிர்ப்புச் சொல்ல முடியவில்லை.

சும்மா_கேட்டேன்:

8,000 பங்கு ஒருத்தரே வாங்கினார்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் பேனர்க்காரரை மட்டும் ஏன் விரட்டணும்? அவரும் 400 சீட்டு வாங்கட்டுமே.

பழைய_வாத்தியார்:

தாராளமாக வாங்கட்டும். பக்கீர் சேட் கப்பலில் தன் படத்தை ஒட்டவில்லை.

மகளிர்குழு_அக்கா:

தம்பி, எல்லாம் சரி. எட்டுப் பேர்னு சொன்னியே, அதுல பொம்பளை எத்தனை? நானே சொல்லுதேன், ஒருத்தியும் இருக்கமாட்டா. சாப்பாடுன்னு எழுதியிருக்க, சமைக்க மட்டும் எங்களைக் கூப்பிடுவீங்க.

வாத்தியார் ஐயா சொன்ன தேதிக்கும் ஒரு பேச்சு இருக்கு. அக்டோபர் பாதின்னா புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி பிறக்க நேரம். மானாவாரி நிலம். முத நாள் மழை விழுந்துட்டா மறுநாள் மொத்த ஊரும் விதைக்க காட்டுல நிக்கும், கப்பலைப் பாக்க யாரும் வரமாட்டாங்க. மாசத்தோட ரெண்டாவது ஞாயித்துக்கிழமைக்கு முன்னால இழுங்க, அதுவும் சாயங்காலமா வைங்க. அந்நேரம்தான் காட்டு வேலைக்குப் போனவங்க வந்து குளிச்சிட்டு வரமுடியும். கக்கூஸ் எங்கன்னு முதல்லயே பாத்துருங்க, அது இல்லாட்டி பொம்பளைங்க அரை மணி நேரத்துல கிளம்பிருவோம்.

இன்னொண்ணு. அவங்க வீட்டம்மா மீனாட்சி அம்மாள் பேரை இத்தனை வருசத்துல ஒரு மைக்லயும் நான் கேட்டதில்ல. புருசன் ஜெயில்ல இருக்கும்போது வீட்டுல அடுப்பு எரியணும்லா. அந்தக் காட்சியை எங்க தெருவுக்குக் கொடுங்க, நாங்க செய்யுதோம்.

கரிசல்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கடையை அடைச்சிட்டு உக்காந்து பேசினோம். அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம் 4 மணின்னு முடிவு. பேனர் கிடையாது. பேனர்க்காரர் கோவிச்சுக்கிட்டார், ஆனா போகும்போது நாலு சீட்டு கேட்டுட்டுப் போனார். அக்கா, உங்க குழுவுல இருந்து மூணு பேர் கமிட்டிக்கு வரணும், சமையலுக்கு வேற ஆள் பாத்துக்கிடுதோம். மீனாட்சி அம்மாள் காட்சி உங்களுக்குத்தான்.

வயர் அளக்க இன்னைக்குக் காலையில போனோம். பெரிய தெரு வழியில மூணு இடத்துல தாழ இருக்கு. மைக்செட் அண்ணாச்சி, புகைபோக்கியைக் கீல் போட்டு மடக்குற மாதிரி செய்யலாம்னு பெயிண்டர் சொல்லுதான், சரியா வருமா? கப்பல்ல "காலியா"ன்னு பேர் எழுதணும், அதுதான் கம்பெனிக் கப்பல்ல ஒண்ணோட பேரு. ஆனா பிள்ளைக ஏறாத நேரத்துல ஊர்ல எவனாவது "கப்பல் காலியா?"ன்னு கேலி பண்ணுவான்னு பயமா இருக்கு. அதனால இன்னொரு கப்பல் பேரையே எழுதலாம்னு இருக்கோம், "லாவோ".

மைக்செட்காரன்:

கீல் போடலாம் அண்ணாச்சி. ஆனா மடக்குற கயிறைக் கீழ நடந்து வர்ற ஆள் கையில கொடுங்க, மேல நிக்கிறவன் கையில வேண்டாம். கயிறு நூல் கயிறா இருக்கட்டும், நனையாம பாத்துக்கோங்க. பேரு "காலியா"ன்னே எழுதுங்க. கேலி பண்ணுறவன் அது என்ன பேருன்னு கேக்கட்டும், உங்க மக பதில் சொல்லுவா.

கரிசல்தம்பி:

அவ இப்பவே சொல்லுதா. சீட்டு நம்பர் 1 அவளுக்குத்தான் வேணுமாம். அவங்க ஆச்சியும் அதையே கேக்காங்க. அச்சகத்துக்காரர்கிட்ட ரெண்டு 1 அடிக்க முடியுமான்னு கேட்டேன், "கணக்கு வாசிக்கும்போது மாட்டிக்கிடுவீங்க"ன்னு சொல்லிட்டார்.