‘எதுக்குடா அம்மா அடிச்சேன்?’

என் மகனுக்கு இப்போது 11 வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே டைரியில் சிவப்பு மையில் ஏதாவது வரும். ‘பெஞ்சை விட்டு எழுந்து ஓடுகிறான்’, ‘பக்கத்துப் பையனின் பென்சிலை உடைத்தான்’, ‘பெற்றோர் நேரில் வரவும்’. மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். தர்காவில் மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். என் கணவரின் வைத்தியம் பரணில் செருகிய பிரம்பு. ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பார். நானும் அடித்திருக்கிறேன், மறைக்கவில்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றான். இறக்கிவிட்டு, காலில் தடிப்பு விழும்படி அடித்தேன். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவும்போது, ‘எதுக்குடா அம்மா அடிச்சேன்?’ என்று கேட்டேன். யோசித்தான். ‘ஹோம்வொர்க் எழுதலையே, அதுக்கா?’ என்றான். நடிப்பில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அதே தொட்டி.

அப்புறம்தான் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் போனோம். போன அன்றே மாத்திரை எழுதிவிடுவாரோ என்று பயம். எழுதவில்லை. கண், காது பரிசோதனை, தூக்கத்தைப் பற்றி ஏகப்பட்ட கேள்விகள், எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு படிவம். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் சேட்டை என்றால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும் என்றார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டுமாம். மூன்றாவது தடவை போனபோதுதான் ஏடிஹெச்டி என்ற பெயரையே சொன்னார்: கவனம் நிலைக்காமல் சிதறுவது, துறுதுறுப்பை அடக்க முடியாமல் போவது.

முதல் நான்கு மாதம் மருந்தில்லை, பாடம் எங்களுக்குத்தான். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், அதுவும் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு. ‘குளிச்சுட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வா’ என்றால் குளியலறைக்குப் போய் வாளியோடு விளையாடிக்கொண்டிருப்பான். நல்லது செய்தால் அந்த நிமிடமே பாராட்ட வேண்டும். ‘முழுப் பரீட்சை முடியட்டும், சைக்கிள் வாங்கித் தரேன்’ என்பதெல்லாம் அவனுக்கு அடுத்த ஜென்மத்துச் சமாசாரம். தப்புக்குத் தண்டனை உண்டு, ஆனால் சின்னதாக, உடனே: அன்றைக்குக் கார்ட்டூன் கிடையாது, அவ்வளவுதான். வீட்டுச் சண்டை பாதி குறைந்தது. பள்ளியில் குறையவில்லை.

பிறகுதான் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை. ‘பையனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்து அடக்குறாங்க’ என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அது தூக்க மருந்தே இல்லை, மூளையைத் தூண்டுகிற வகை. போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். நான்காவது கடையில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘யாருக்கும்மா இது?’ என்று கேட்டபோது கூசிப் போனேன்.

பையன் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. சொல்வது காதில் விழுகிறது, அதுதான் வித்தியாசம். நான்கு மாதமாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அப்போதுதான் வேலை செய்தது. ஆனால் மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே இட்லியும் முட்டையும், ராத்திரி ஒன்பதுக்குப் பசி வந்தால் தோசை. மருந்தின் வேகம் இறங்கும் சாயங்கால நேரத்தில் ஒரே சிடுசிடுப்பு. எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு மருத்துவர் பார்க்கிறார். உயரத்துக்கு நானும் நிலைக்கதவில் பென்சில் கோடு போட்டு வைக்கிறேன்.

பிரம்பு இப்போது ஒட்டடை அடிக்க.

*

மேலே எழுதிய அம்மாவுக்கு: உங்கள் பையனுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை, என் பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே வாரத்தில் சிரிப்பு போய்விட்டது, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். அட்டோமாக்சிடின் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள், வயிற்றைப் பிரட்டியது. மருத்துவரிடம் பேசித்தான் நிறுத்தினோம். இப்போது காலையில் நீச்சல், வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகள் இருக்கும் பள்ளி. அந்தப் பள்ளிக்கும் காசு வேண்டும் என்பது தெரியும்.

இதைச் சொன்னால் ‘பார்த்தீங்களா, மாத்திரை விஷம்’ என்று என் கதையையே தூக்கிக்கொண்டு போகிறார்கள், அது எரிச்சலாக இருக்கிறது. மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் ஒப்பிட்டு, அமெரிக்காவில் 1999இல் வெளியான எம்டிஏ ஆய்வைத்தான் இரண்டு தரப்பும் காட்டும். 579 குழந்தைகள், 14 மாதம். கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. மூன்றாம் ஆண்டு அதே பிள்ளைகளைப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணோம். மருந்து வேண்டும் என்பவர்கள் முதல் பாதியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், வேண்டாம் என்பவர்கள் பின் பாதியை.

*

நான் ஆசிரியை, வகுப்பில் 42 பேர். டைரியில் சிவப்பு மையில் எழுதும் ஆள் நான்தான். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர்’ என்று இன்றைக்கும் பெற்றோரே வந்து சொல்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிக்கவும் கூடாது, மனதை நோகடிக்கவும் கூடாது என்கிறது. சரி. அடிக்காமல் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது: முதல் பெஞ்ச், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போக ஒரு வேலை. போர்டு துடைக்க, நோட்டு கொடுக்க, சாக்பீஸ் எடுத்து வர.

எல்லா வாலும் ஏடிஹெச்டி இல்லை. சொன்ன பேச்சே கேட்காத ஒருவனை மருத்துவரிடம் அனுப்பினேன், காதில் சீழ். ஆனால் எனக்கு உறுத்துவது இன்னொரு பிள்ளை. நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவள். நோட்டைத் தொலைப்பாள், கணக்கைப் பாதியில் விடுவாள், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். ‘கனவு காணாதே’ என்று தலையில் தட்டிவிட்டுப் போவேன். எட்டாம் வகுப்பில்தான் அவளுக்கும் இதுவே என்று தெரிந்ததாம், துள்ளல் இல்லாத, கவனம் மட்டும் சிதறுகிற வகை. அவள் ஓடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. அதனால் அவள் டைரியில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.