ஒரே மருந்து, மூணு கவர்: அப்பாவுக்கு நடந்தது

திண்டுக்கல்காரன்:
போன ஐப்பசி மழையில நடந்தது, இப்பத்தான் எழுதவே மனசு வந்துச்சு. அப்பாவுக்கு 62 வயசு, முழங்கால் வலி ரொம்ப நாளா உண்டு. தெருமுனை மெடிக்கல்ல போயி "வலிக்கு ரெண்டு குடுப்பா"ன்னு வாங்கிக்குவாரு, அவங்களும் அட்டைய கட் பண்ணி கவர்ல போட்டுத் தருவாங்க, பேரு அச்சடிச்ச பக்கம் கடையிலயே நின்னுரும். அந்த நேரம் பாத்து காய்ச்சல் வேற. கிளினிக்ல பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு மூணுன்னு சொன்னாங்க, இவரு உடம்பு சுட்டா ஒண்ணுன்னு அஞ்சு வரைக்கும் போட்டிருக்காரு. பத்தாததுக்கு சளிக்குன்னு அம்மா பீரோவுல இருந்த மாத்திரைய மூணு வேளையும் கொடுத்திருக்கு. சாப்பாடு சுத்தமா இல்ல, கஞ்சித்தண்ணிதான்.

நாலாம் நாள் வாந்தி, வலது விலாவுக்குக் கீழ வலி, ஒண்ணுக்கு மஞ்சளா போகுது. மஞ்சக்காமாலைன்னு அத்தை கீழாநெல்லி அரைக்க ஆரம்பிச்சுருச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ணா, ஈரல் அடி வாங்கியிருக்கான்னு காட்டுற எஸ்ஜிபிடி நாலாயிரத்துக்கு மேல, இருக்க வேண்டியத விட பல மடங்கு.

டூட்டி டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "என்னென்ன மாத்திரை போட்டாரு, எல்லாத்தையும் கொண்டு வாங்க." தம்பி வண்டிய எடுத்துட்டுப் போயி வீட்டுல இருந்த கவரு, மெடிக்கல்ல இருந்த மிச்ச அட்டைன்னு எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தான். வலி மாத்திரையில பாராசிட்டமால் 325, ரெண்டு வேளை. காய்ச்சலுக்கு 650, அஞ்சு. சளி மாத்திரையில 500, மூணு. கூட்டுனா ஒரு நாளைக்கு 5400 மில்லிகிராம். நல்லா இருக்குற பெரிய ஆளுக்கே 24 மணி நேரத்துல 4000 தாண்டக் கூடாதாம். மூணு கவர்லயும் ஒரே மருந்து, எங்க யாருக்கும் தெரியல.

டாக்டர் சொன்னது என்னன்னா, பாராசிட்டமால் ஈரல்ல உடையுறப்ப கொஞ்சம் விஷமா மாறும், அத ஈரல்ல இருக்குற குளுட்டாதயோன்னு ஒரு பொருள் அமுக்கிரும். பட்டினி கெடந்தா, தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தா அந்தப் பொருள் ஏற்கனவே கம்மியாத்தான் இருக்கும். அது தீந்துச்சுன்னா விஷம் நேரா ஈரலையே அரிக்க ஆரம்பிச்சுருமாம். அந்தப் பொருள ஈரல்ல திரும்ப ஊற வைக்கிற என்ஏசின்னு ஒரு மருந்த டிரிப்ஸ்ல ஏத்துனாங்க, ரத்தம் சரியா உறையுதான்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட தினமும் எடுத்தாங்க. ஒம்பது நாள் இருந்துட்டு வீட்டுக்கு வந்தாரு.

வார்டு_அக்கா:
தம்பி, அப்பா தேறி வந்தது சந்தோஷம். நான் குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், நான் பாத்ததையும் சொல்றேன். பாராசிட்டமால் சொட்டு மருந்துல வழக்கமா ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்புல அஞ்சு மில்லிக்கு 125 மில்லிகிராம். அப்ப ஒரு மில்லிக்குப் பாத்தா சொட்டு மருந்துலதான் வீரியம் நாலு மடங்கு. ஒரு பாட்டி, சிரப் தீந்து போச்சுன்னு கைக்குழந்தையோட சொட்டு மருந்த அதே மூடியில அஞ்சு மில்லி ஊத்தி மூத்தவனுக்குக் கொடுத்துட்டாங்க. "சின்னப்புள்ளைக்கு கொடுக்குறதுதான, லேசாத்தான இருக்கும்"னு. நல்லவேளை ஒரு தடவையோட அவங்க மருமக பாத்துட்டு தூக்கிட்டு ஓடி வந்துருச்சு.

யாழ்ப்பிள்ளை:
எங்கட பக்கம் எந்தப் பரசிட்டமோலையும் பனடோல் எண்டுதான் சொல்லுறது. மாரி துவங்கினா டெங்குவும் துவங்கும். போன முறை மாமாவுக்குக் காய்ச்சல் விடேல்ல எண்டு பக்கத்து வீட்டு ஆள் டைக்ளோபெனாக் எண்ட வலிக் குளிசை குடுத்திட்டார், அடுத்த நாள் பல்லு முரசால ரத்தம். டெங்கு நேரம் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறைஞ்சு போய்க் கிடக்கும், அதுக்குமேல டைக்ளோபெனாக், ஐபுப்ரூபன், அஸ்பிரின் குடுத்தா ரத்தம் கசியிறது கூடும். பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் அளவா, எண்டு பெரியாஸ்பத்திரியில நல்லா ஏச்சு விழுந்தது.

கணக்கு_பிள்ளை:
அக்கா ஒரு டவுட்டு, தெரியாம ரெண்டு மடங்கு போட்டாச்சு, ஆனா உடம்புக்கு ஒண்ணும் பண்ணலன்னா விட்டுரலாமா?

வார்டு_அக்கா:
அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. மொத நாள் கொஞ்சம் குமட்டும், இல்லன்னா அதுகூட இருக்காது. வலி, மஞ்சள் எல்லாம் ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் வரும், அதுக்குள்ள ஈரல் அடி வாங்கிரும். என்ஏசி எட்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லா வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பாங்க, அதனால இனிமே போயி என்னத்தன்னு இருந்துராதீங்க. தெரியாம போட்டாலும் சரி, மனசு ஒடஞ்சு போட்டாலும் சரி, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, 108க்கு கூப்பிடுங்க, அட்டையையும் கையோட எடுத்துட்டு வாங்க. உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

திண்டுக்கல்காரன்:
கீழாநெல்லி அரைச்ச அத்தைக்கு இத படிச்சுக் காட்டுனேன், "அப்ப மாத்திரை எழுதுனவன் சொல்ல வேண்டியதுதான"ன்னு கேக்குது. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, ஆர்த்தோ டாக்டர்கிட்ட போறோம், மெடிக்கல்ல கேட்டா இப்பல்லாம் பேரு இருக்குற பக்கத்தோட கட் பண்ணித் தர்றாங்க.