மறு: ஹெட்போன் வகைகளுக்குத் தமிழ்ச்சொல் – மடல்சூழ், மூடுபுறம், திறபுறம்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெட்போனுக்கும் அதன் வகைகளுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த மடல் இழை மூன்று கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறது. ஹெட்போனுக்குக் கேட்பொறியா, செவிப்பொறியா, காதொலிப்பானா என்று கதைத்துக்கொண்டே இருக்கிறோம். எல்லாமே விளங்குகிற சொற்கள்தான், எது நிலைத்தாலும் எனக்குச் சம்மதம். இந்த மடலில் கேட்பொறி என்று எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வாயில் வருவது ஹெட்செட்தான், அதுவும் இருக்கட்டும். என் கவலை வேறு. கடையில் போய் நிற்கிற ஒருவருக்குப் பொருளின் பெயர் எப்படியோ தெரிந்துவிடுகிறது. வகையைக் கேட்கத்தான் சொல் இல்லை. அதனால்தான் பிழையானதை வாங்கிக்கொண்டு வருகிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோண்டாவிலில் என் பெரியம்மா பழைய தாலாட்டுகள் நிறையப் பாடுவார். அவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஒரு மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கிற சின்ன இடைமுகப் பெட்டியும் வாங்கினேன். கேட்பொறிக்காகக் கடையில் கேட்டபோது, "ஸ்ரூடியோவுக்கு எண்டால் இதுதான், காதை முழுக்க மூடும்" என்று ஒன்றைத் தந்தார்கள். நல்ல பொருள்தான். வீட்டில் பாட்டுக் கேட்டபோது இசை அறை முழுக்கப் பரந்து கேட்டது, எனக்குப் பெரிய சந்தோஷம். பெரியம்மாவின் காதில் அதைப் போட்டு, சுருதி விலகாமல் இருக்கத் தம்புராவை ஓடவிட்டுப் பதிந்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒலியைக் கூட்டி வைத்தேன். இரண்டு பின்னேரம் பாடினார். பிறகு ஆறுதலாக இருந்து கேட்டால், அவர் மூச்சு விடுகிற ஒவ்வொரு இடைவெளியிலும் தம்புரா கேட்கிறது. கேட்பொறியின் வெளிப்பக்கம் சல்லடையாக இருந்தது. அந்தச் சல்லடையால் வெளியே போன ஒலி நேரே மைக்கில் விழுந்திருக்கிறது. குரலையும் அதையும் பிரிக்க முடியவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது இரண்டு வரி பாடினாலே மூச்சு முட்டுகிறது. திரும்பப் பதிய வழியில்லை.

"ஒலி வெளியே போகாத வகை வேண்டும்" என்று அன்று ஒரே சொல்லில் கேட்க முடிந்திருந்தால் அந்தத் தாலாட்டுகள் சுத்தமாக இருந்திருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் 'ஓவர் இயர்'. போன கிழமை வந்த ஒரு மடல்:

> 'காதுமேல் கேட்பொறி' என்று வைத்துவிட்டால் எளிமையாக இருக்குமே.

எளிமைதான் அண்ணை, ஆனால் ஆங்கிலத்தில் 'ஓவர் இயர்' ஒரு வகை, 'ஒன் இயர்' வேறு வகை. முதலாவதில் மெத்தை காதைச் சுற்றித் தலையில் பதிந்திருக்கும், காது உள்ளே சும்மா இருக்கும். இரண்டாவதில் மெத்தை காதின் மேலேயே அமர்ந்து அழுத்தும், ஒரு மணித்தியாலம் போட்டால் நோகும். தமிழில் இரண்டையும் 'காதுமேல்' என்றுதான் சொல்ல வரும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆகவே எங்கே அமர்கிறது என்பதை உறுப்பின் பெயரால் சொல்வோம். வெளியே தெரிகிற காதுக்குச் செவிமடல் என்று பெயர் இருக்கிறது. அதைச் சூழ்ந்து நிற்பது மடல்சூழ் கேட்பொறி. அதன்மேல் அமர்வது மடலமர் கேட்பொறி. மடல் என்றால் கடிதம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாழை மடலும் தாழை மடலும் இருக்கிற மொழி இது, கேட்பொறிக்குப் பக்கத்தில் வரும்போது யாரும் கடிதத்தை நினைக்கமாட்டார்கள். 'சோணைசூழ்' என்ற முன்மொழிவையும் யோசித்தேன். இங்கே பாடப்புத்தகத்தில் இதயத்தின் மேலறையைச் சோணையறை என்று படித்தவர்களுக்கு அது பழகிய சொல். ஆனால் ஊர்ப்பேச்சில் காதுச்சோணை என்றால் தோடு போடுகிற இடம் மட்டும்தான். அதைச் சூழ்ந்த கேட்பொறி என்றால் படம் பிழைத்துவிடும்.

உடலுறுப்புகளுக்குத் தமிழில் பெயர் தேடுவது எங்கள் ஊருக்குப் புதிய வேலை இல்லை. அமெரிக்காவில் இருந்து 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். நோயாளியின் முன்னால் நிற்கப்போகிற மாணவனுக்கு விளங்க வேண்டும் என்ற தேவை அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது. எங்களுடைய சொல்லும் மைக்கின் முன்னால் நிற்கிறவருக்கு விளங்கினால் போதும்.

இனி முக்கியமானது, கேட்பொறிக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்கிற 'குளோஸ்ட் பாக்', திறந்திருக்கிற 'ஓப்பன் பாக்'. 'மூடிய முதுகு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். மாட்டுக்கு முதுகு உண்டு, மனிதருக்கு உண்டு. ஒரு கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை முதுகு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தமிழில் இதற்குப் புறம் என்ற சொல் இருக்கிறது. கையின் மறுபக்கம் புறங்கை. அதே புறம்தான் இது.

ஏன் புறம் இவ்வளவு முக்கியம்? கேட்பொறிக்குள் அதிர்கிற மெல்லிய தகடு முன்னாலும் காற்றைத் தள்ளுகிறது, பின்னாலும் தள்ளுகிறது. முன்னால் போகிற ஒலி காதுக்கு. பின்னால் போகிறதை என்ன செய்வது என்பதில்தான் வகை பிரிகிறது. புறத்தை மூடிவிட்டால் ஒலி உள்ளேயே அடங்கும், வெளிச்சத்தமும் குறையும், கீழ்ச்சுரங்கள் அழுத்தமாகக் கேட்கும். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இதுதான் வேண்டும். புறத்தைத் திறந்துவிட்டால் ஒலி இரண்டு பக்கமும் போய் வரும். தலைக்குள் அடைபட்டது போல இல்லாமல் முன்னால் ஒரு கச்சேரி நடப்பது போல இருக்கும். அறையில் வேறு ஆளும் மைக்கும் இல்லாதபோது ஆறுதலாகக் கேட்கவும், தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியத்தையும் சேர்த்துக் கலவை செய்யவும் அது அருமையான வகை. சென்ஹைசர் நிறுவனம் 1968இல் கொண்டுவந்த எச்டி 414தான் அதற்கு முன்னோடி. 1997இல் வந்த எச்டி 600ஐ இன்றும் கலவை செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். மூடிய வகையில் 1991இல் வந்த சோனி எம்டிஆர் 7506 இன்னும் விற்பனையில் இருக்கிறது.

என் முன்மொழிவு: மூடுபுறம், திறபுறம். மூடுபனி, மூடுபல்லக்கு என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் மூடுபுறம் வாயில் தானாக உருளும். திறபுறம் கொஞ்சம் புதிதாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 'புறத்திறப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே திறப்பு என்றால் சாவி, வீட்டுப் பின்கதவின் சாவி என்றுதான் நினைப்பார்கள். மூடிய வகைக்கு, புறம் அடைபட்டது என்ற பொருளில் 'புறமடை' என்றதும் எனக்கு முதலில் பிடித்தது. ஆனால் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற ஊரில் மடை என்றால் வாய்க்கால்தான் கண்ணில் வரும். அதைவிட, மடை திறந்தது என்றல்லவா சொல்வோம், பொருள் நேர்மாறாகப் போய்விடும்.

மூடுபுறம், திறபுறம் இரண்டிலும் எனக்குப் பிடித்த விடயம், இவை எந்தப் பெயரோடும் ஒட்டும். 'மூடுபுறக் கேட்பொறி' என்று கட்டுரையில் எழுதலாம், 'மூடுபுற ஹெட்செட் இருக்கோ?' என்று கஸ்தூரியார் வீதியில் கேட்கலாம். பெயர்ச்சொல் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் இப்போது இரண்டு வகையும் இருக்கின்றன, இரண்டு பெட்டியிலும் இந்தச் சொற்களை எழுதி ஒட்டினேன். மிருதங்கம் பழகுகிற மருமகனிடம் ஒருமுறைதான் விளக்கம் சொன்னேன். போன ஞாயிறு பதிவுக்கு அவனாகவே மூடுபுறத்தை எடுத்து வந்தான்.

வெளியே தப்புகிற ஒலிக்கு ஒலிக்கசிவு. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

பதிகிற ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கிற 'மொனிற்றர்' கேட்பொறிக்கு வந்த சொற்களில் எனக்கு உடன்பாடு இல்லை. 'கண்காணிப்பு' என்றால் சோதனைச்சாவடி நினைவு வருகிறது. 'ஒப்புக்கேட்பு' என்ற யோசனையின் பின்னணி நல்லது. பத்திரிகைகளில் ஒப்புநோக்காளர் மூலத்தோடு சேர்த்து வைத்துப் பிழை பார்ப்பது போல, இங்கே காதால் பிழை பார்க்கிறோம். ஆனால் ஒப்புக்கு ஒன்றைச் செய்வது என்றால் கடமைக்குச் செய்வது, ஒப்புச் சொல்லி அழுவது என்றால் செத்தவீடு. இரண்டு நிழலும் அந்தச் சொல்லின் மேல் விழுகின்றன. நல்லது கிடைக்கும்வரை ஸ்ரூடியோக் கேட்பொறி என்றே விடலாம். ஸ்ரூடியோ எங்கள் சொல்லாகி நெடுங்காலம்.

வயர் உள்ளதை வயர் உள்ளது என்றே சொல்வோம். அது ஏன் வேண்டும் என்பதை மட்டும் சொல்லின் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: புளூடூத்தில் ஒலி பிந்தி வரும், தன் குரலைப் பிந்திக் கேட்கிறவர் தாளம் விடுவார். கேட்பொறியின் மின்தடையைக் காட்டுகிற ஓம் எண்ணையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். எச்டி 600க்கு அது 300 ஓம், கைபேசியில் நேரே செருகினால் பெரும்பாலும் ஒலி போதாது.

வாங்கப்போகிறவர்களுக்கு இன்னொன்று. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும், அப்போது போலித்தோல் மெத்தை வியர்த்து ஒட்டும். துணி மெத்தை உள்ளதாகப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டபடியே அணிந்து பாருங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் அந்த இடுக்கால் கீழ்ச்சுரம் குறைந்துவிடும்.

எனக்கு விடை தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 மூடுபுறம், டிடி 990 திறபுறம். இடையில் டிடி 880 இருக்கிறது, பாதி திறந்தது. ஏகேஜி கே240உம் அப்படித்தான். 'அரைத்திறபுறம்' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்குகிறது. 'சிறுதிறபுறம்' பொருளில் சரியில்லை. இதற்கு யாராவது ஒரு சொல் தாருங்கள். சத்தமாக நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
கோண்டாவிலில் இருந்து