வெட்டுக் கோடுகளின் இடைவெளி கூடக் கூட ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது. எங்கே பிழை?

முதுநிலை மாணவன்:
வணக்கம். உலோகத்தைச் செதுக்கும் பழைய ஷேப்பர் இயந்திரத்தில் விசையை அளக்கும் டைனமோமீட்டர் பொருத்தி, ரோட்ஹெடரில் (சுரங்கம் குடையும் இயந்திரத்தில்) மாட்டும் கூம்புப் பிக் (கூரிய முனையுள்ள வெட்டுப் பல்) ஒன்றைச் சோதித்து வருகிறேன். பாறை மணற்கல், அடர்த்தி கன செ.மீ.க்கு 2.3 கிராம். வெட்டு ஆழம் 5 மி.மீ., கோட்டின் நீளம் 300 மி.மீ. கோடுகளின் இடைவெளியை 5, 10, 15, 20, 25 மி.மீ. என்று மாற்றினேன். ஒரு கனமீட்டர் பாறைக்குச் செலவான ஆற்றல் 72, 46, 36, 30, 25.6 மெகாஜூல். ஓரளவு இறங்கிய பிறகு ஏற வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். இது ஏறவே மாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாக இதே கதை.

லோட்செல்:
சராசரி விசையை எடுத்தீர்களா, உச்ச விசையையா? பலர் அங்கேதான் சறுக்குவார்கள்.

முதுநிலை மாணவன்:
சராசரிதான் ஐயா. 25 மி.மீ. இடைவெளியில் 3.2 கிலோநியூட்டன்.

பழைய சுரங்கக்காரன்:
உச்ச விசையை எடுத்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் மேலே போயிருக்கும். இப்படிச் சரிந்துகொண்டே போகாது. தம்பி, கன அளவை எப்படிக் கண்டீர்கள்? 3,200 × 0.3 = 960 ஜூல். அதை 25 × 5 × 300 மி.மீ., அதாவது 37.5 கன செ.மீ.யால் வகுத்தால் உங்கள் 25.6 அப்படியே வருகிறது. பெருக்கித்தான் எழுதியிருக்கிறீர்கள்! இடைவெளி அகன்றால் பக்கத்துக் கோடுகளின் விரிசல்கள் ஒன்றையொன்று எட்டாது. நடுவில் வரப்பு நின்றுவிடும். நிற்கும் வரப்பையும் வெட்டியதாகக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். சில்லுகளைத் தூளோடு கூட்டி அள்ளி, எடை போட்டு, அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்.

ரம்பத்தால் அறுத்த வழவழப்பான முகத்தில் எடுத்த முதல் அடுக்கு அளவுகளையும் தள்ளிவிடுங்கள். சுரங்கத்தில் அப்படி ஒரு முகம் கிடைக்காது.

முதுநிலை மாணவன்:
முதல் அடுக்கை முன்பே கழித்துவிட்டேன். நல்லவேளையாகச் சில்லுகளைப் பைகளில் போட்டு வைத்திருந்தேன். 25 மி.மீ.க்கு ஒரு கோட்டுக்கு 86 கிராம் வர வேண்டும், வந்தது 50. இருபதில் 69க்கு 55. பதினைந்து வரை ஏறக்குறைய முழு எடையும் இருக்கிறது. மறுகணக்கு: 72, 46, 36.5, 37.7, 44. ஏறிவிட்டது ஐயா! ஆற்றல் மிகக் குறையும் இடம் பதினைந்து மி.மீ.யை ஒட்டி, அதாவது ஆழத்தின் மூன்று மடங்கில் விழுகிறது.

இதே அமைப்பில் பல்லாவரத்துச் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையையும் வெட்டிப் பார்க்கலாமா?

பழைய சுரங்கக்காரன்:
வேண்டாம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருக்கும் கல் அது. பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். கூம்புப் பிக் அதில் முனை சிதறிப் போகும். அதற்குப் பாறைமேல் உருண்டு நொறுக்கும் வட்டு வெட்டி வேண்டும். 432 மி.மீ. வட்டு ஒன்றின் மேல் ஏறக்குறைய 25 டன் அழுத்தம் கொடுப்பார்கள். உங்கள் ஷேப்பர் படுத்துவிடும். முதலில், பாறை கருவியை எவ்வளவு தேய்க்கும் என்று காட்டும் செர்ச்சார் கீறல் சோதனை செய்யுங்கள்: 70 நியூட்டன் பாரத்தில் எஃகு ஊசியால் 10 மி.மீ. கீறி, ஊசி முனை எவ்வளவு மழுங்கியது என்று நுண்ணோக்கியில் அளந்து இங்கே போடுங்கள்.